பேசியவர்கள் பெயர்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் ஊர்த் தொடக்கப்பள்ளிகளின் முற்றத்தில் ஒரு காட்சியைக் காணலாம். எண்ணெய் தேய்த்து வாரிய தலையும், புதுப்பையும், மிரண்ட கண்களுமாக ஒரு குழந்தை. அதன் கையைப் பற்றியபடி தந்தை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதி முடிந்ததும் தந்தை ஆசிரியரைப் பார்த்துச் சொல்வார்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க, சார். பிள்ளை படிச்சாப் போதும்." சுற்றி நிற்போர் நகைப்பர். ஆசிரியரும் புன்னகை செய்வார். குழந்தை மட்டும் நகைப்பதில்லை.

1981ஆம் ஆண்டு ஆசிரியப் பணியில் சேர்ந்து 2014ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை, முப்பத்து மூன்று ஜூன் மாதங்களில் இவ்வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். அது கொடுமையிற் பிறந்த சொல் அன்று. தம்மினும் கற்றவர் கையில் தம் பிள்ளையை ஒப்படைக்கிறோம் என்னும் நம்பிக்கையிற் பிறந்த சொல். ஆயினும், அந்த நம்பிக்கையைப் பெற்றுக்கொண்ட என் கை என்ன செய்தது என்பதைப் பெற்றோர்க்கும் உடன் ஆசிரியர்க்கும் ஒருமுறையேனும் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நான் முதன்முதலாகப் பணியேற்றது பனங்காடு சூழ்ந்த ஒரு சிற்றூரின் பங்குப் பள்ளியில். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் மூவர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. இரண்டிற்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு இப்பால் 41 பிள்ளைகள்; அப்பால் 34 பிள்ளைகள். ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் காட்டும்போது மற்ற வகுப்பை யார் பார்த்துக்கொள்வது? எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கமே இங்கும் இருந்தது. வகுப்புத் தலைவன் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்துவிட்டுப் போவேன். கரும்பலகையின் வலப்பக்க ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு அவன் பெயர்களை எழுதுவான். எழுதிய பின்னும் பேசினால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி; மேலும் பேசினால் மேலும் ஒரு குறி. நான் திரும்பி வந்ததும் குறி ஒன்றுக்கு ஓர் அடி வீதம் உள்ளங்கையில் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவேன். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நீதி வழங்கிவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

நான்காம் வகுப்பில் ஒரு பனையேறியின் மகன் இருந்தான். ஒன்பது வயது. திக்குவாய். வருகை எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்னும் இரு சொற்கள் அவன் வாயினின்று வெளிவர நேரமாகும், பிள்ளைகள் சிரிப்பர். ஆதலால் கையை உயர்த்தினால் போதும் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். வாய்விட்டு வாசிக்கும் முறை வரும்போது அவனைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவேன். இதையெல்லாம் அவனுக்கு நான் காட்டிய இரக்கம் என்றே அன்று கருதினேன்.

1983ஆம் ஆண்டு, பொங்கல் விடுமுறை கழிந்த வாரம். ஐந்தாம் வகுப்பினின்று திரும்பி வந்தபோது பலகையில் அவன் பெயர் இருந்தது. எதிரே மூன்று குறிகள். மணியடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பெயரைப் படித்தேன். அவன் எழுந்து வந்து கையை நீட்டினான். மூன்று அடி கொடுத்தேன். வழக்கமாக அடி விழும்போது பின்வரிசையில் ஒரு கிளுகிளுப்பு எழும். அன்று எழவில்லை. அந்த அமைதிக்குக் காரணம் யாதென்று எண்ணிப் பார்க்கவும் எனக்கு நேரமில்லை.

மாலையில் பள்ளி விட்ட பின்னர், தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து வைக்க வந்த சிறுமி ஒருத்தி வாயிற்படியில் நின்று, "சார், அவன் பேசவே மாட்டானே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், ஓடிவிட்டாள்.

மறுநாள் விசாரித்தபோது உண்மை மெல்ல வெளிவந்தது. தை மாதம் பனங்கிழங்குப் பருவம். பலகையினின்று பெயரை அழிக்க முழுக் கிழங்கு ஒன்று. குறியை மட்டும் அழிக்கப் பாதிக் கிழங்கு. பருவம் மாறினால் கொடுக்காப்புளி, சிலேட்டுக் குச்சி, சில நாள் ஐந்து காசு. பனையேறியின் வீட்டில் கிழங்குக்குப் பஞ்சமிராது என்று தலைவன் கணக்கிட்டிருந்தான். அவ்வீட்டிலோ தோண்டிய கிழங்கு முழுவதும் சந்தைக்குப் போயிற்று. கேட்டதைக் கொண்டு வராததற்கே மூன்று குறிகள்.

அத்தலைவன் தீய பிள்ளையா? வகுப்பில் முதல் மதிப்பெண் அவனுக்கே. ஞாயிறுதோறும் பூசைக்கு உதவும் பீடச் சிறுவன். என்னிடம் பேசும்போது கைகட்டி நிற்பவன். நாற்பது பேரின் உள்ளங்கைகளை ஒன்பது வயதுப் பிள்ளையொருவனிடம் ஒப்படைத்து, அவற்றைக் காக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் கொடுத்து, அவன் சொன்னதை ஒருமுறையேனும் ஆராயாமல் அடித்துக்கொண்டிருந்தவன் நான். அவனுக்குக் கையூட்டு வாங்கக் கற்பித்தவனும் நானே. மற்றப் பிள்ளைகளுக்குக் கையூட்டுக் கொடுக்கக் கற்பித்தவனும் நானே. பாடத்திட்டத்தில் இல்லாத இப்பாடத்தை அவர்கள் வாய்ப்பாட்டினும் விரைவாகக் கற்றிருந்தனர்.

காலைச் செபம் முடிந்ததும் வகுப்பின் முன் நின்று, "நேற்று நான் தவறு செய்தேன்" என்று கூறி அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு நாள் கழித்து அவன் தந்தை பள்ளிக்கு வந்தார். விடியற்காலையில் மரமேறி இறங்கிய கோலம். "நீங்க அடிச்சதுக்காக நான் வரல, சார். பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாமே, அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

"தப்பு என் பேருலதானே, அண்ணாச்சி?" என்றேன்.

"தப்பு யாரு பேருல இருந்தா என்ன, சார்? பயம் விட்டுப்போச்சுன்னா பிள்ளை கையை விட்டுப் போயிரும். எங்க அப்பா என்னை அடிக்காத நாள் கிடையாது. நான் கெட்டா போயிட்டேன்? பள்ளிக்கூடத்துலயும் அந்தக் காலத்து வாத்தியாரு அடி சும்மாவா? அந்த அடிக்குப் பயந்து ரெண்டாங் கிளாசோட ஓடுனவன்தான், அதுக்கப்புறம் மரம்தான்."

தாம் கூறியதில் முரண்பாடு ஏதும் உள்ளதாக அவர் கருதவில்லை. வணங்கிவிட்டுச் சென்றார். அவரை என்னால் இணங்கச் செய்ய இயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் மகனும் என்னை முழுமையாக மன்னித்தானா என்பது ஐயமே. நான் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினாலும் முன்வரிசையில் இருந்த அவனுடைய கண்கள் ஒருமுறை மூடித் திறக்கும். அவன் ஐந்தாம் வகுப்பு முடித்துச் செல்லும்வரை அது மாறவில்லை.

பிள்ளையைக் கொண்டே பிள்ளையை அடக்கும் இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. திண்ணைப் பள்ளிகளில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகளைப் பற்றி முதியோர் சொல்ல நம்மிற் பலர் கேட்டிருப்போம். 1823ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் காம்ப்பெல் என்பார் அப்பகுதிப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் ஒரு சுவையான செய்தி உண்டு. காலையில் முதலில் வரும் மாணவன் உள்ளங்கையில் பெருமைக்குரிய அடையாளமாகக் கலைமகளின் பெயரை எழுதுவர். இரண்டாமவன் கையில் சுழி. புகழும் இல்லை, பழியும் இல்லை என்பது பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின் வருவோர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும். கடைசியில் வருபவன் வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் பெருக்கல் குறிகளுக்கும் இக்கணக்கிற்கும் எவ்வளவு நெருங்கிய உறவு!

இதே சென்னை மாகாணத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்கென இருந்த காப்பகப் பள்ளியை 1789ஆம் ஆண்டு முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று அது பிற நாடுகளில் பெயர் பெற்றது. தவறுகளை எழுதி வைக்க அவரும் ஒரு கறுப்புப் புத்தகம் வைத்திருந்தார். ஆனால், எழுதியதுமே அடி விழாது. வாரத்திற்கு ஒருமுறை அப்புத்தகம் எல்லார் முன்னிலும் திறக்கப்படும். மாணவரே நடுவராக அமர்ந்து ஒவ்வொன்றையும் விசாரிப்பர். குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்ல இடமிருந்தது. இதனால் தண்டனைக்கு வேலை மிகக் குறைந்தது என்று அவர் எழுதுகிறார். அக்காலத்தில் இலண்டனில் ஏறத்தாழ இதே முறையைப் பரப்பிய ஜோசப் லங்காஸ்டரோ, பிரம்பை ஒதுக்கினாலும், கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும் கூடையில் ஏற்றிக் கூரையில் தொங்கவிடுவதுமான இழிவுகளைக் கண்டுபிடித்தார். அடிக்காமலிருப்பது மட்டுமே அன்பாகிவிடாது என்பதற்கு இவரே சான்று.

நிற்க. ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற புனித தெ லசால் இதுபற்றி யாது கூறினார்? அவர் பிரம்பை முற்றும் விலக்கவில்லை, மறைப்பதில் பயனில்லை. பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் அது நினைக்கவும் அரியதாயிருந்தது. ஆனால் அவர் மறைந்த பின் 1720இல் அச்சான பள்ளி நடத்தை நூலில் அதற்கு எத்தனை வேலிகள்! சினத்தோடு தண்டிக்கலாகாது, பிள்ளை தன் பிழையை உணர்ந்து ஏற்கும்படி இருத்தல் வேண்டும், புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் மனத்தையும் இயல்பையும் அறியுமுன் அதன்மேல் கைவைக்கலாகாது. இவ்வேலிகள் அனைத்தையும் தாண்டிய பின் பிரம்புக்கு எவ்வளவு இடம் எஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

புனித தொன் போஸ்கோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். தெருவில் திரிந்த முரட்டுச் சிறுவர்களோடு டூரின் நகரில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். சாந்தமான பிள்ளைகளை மட்டும் கண்டு பேசியவர் அல்லர். 1877ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு கட்டுரையில், எவ்வகையிலும் பிள்ளைகளை அடித்தலாகாது என்கிறார். அது இளையோரை எரிச்சலூட்டும், ஆசிரியரை இழிவுபடுத்தும் என்பது அவர் கருத்து. அவருடைய முறையின் உயிர்நாடி இரண்டு செய்திகளில் இருக்கிறது: விதிகளை முன்னதாகவே பிள்ளைகளுக்கு அறிவித்துவிட வேண்டும், பின்னர்ப் பெரியவர்கள் தாமே அவர்களோடு கூட இருக்க வேண்டும். கண்டிக்க நேர்ந்தால் தோழர் கண்ணில் படாதபடி தனியே கண்டிக்க வேண்டும். அக்கட்டுரையை நான் படித்தது 1983ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில். நான் வகுப்பை விட்டுப் போயிருந்தேன். சுண்ணக்கட்டி ஒன்றை என் இடத்தில் வைத்திருந்தேன். தண்டனையையோ நாற்பது பேர் நடுவில் கொடுத்தேன். மூன்றிலும் தவறியிருந்தேன்.

சட்டம் பிற்பாடு வந்தது. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்தி, மாணவர்க்கு உடல்வலியோ மனவலியோ தரும் தண்டனையைத் தடை செய்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே நாடெங்கும் விதித்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அத்தீர்ப்பை நம் தாளாளர் எவரும் பிரம்புக்கு நிழலாகக் கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

"பிரம்பையும் பிடுங்கிவிட்டீர்கள், ஐம்பது பிள்ளைகளை எதைக் கொண்டு அடக்குவது?" என்று இளம் ஆசிரியர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பிரம்பு இருந்தபோது வகுப்பு அமைதியாயிருந்தது. அதை மறுத்தால் பொய் சொன்னவனாவேன். நான் பெயர்ப்பட்டியலை நிறுத்திய முதல் மாதம் தட்டிக்கு இருபுறமும் சந்தைக்கடை இரைச்சல். தலைமையாசிரியர் இருமுறை அழைத்துக் கண்டித்தார். அந்நிலையில்தான், இதுவரை தோன்றாத ஓர் எண்ணம் தோன்றிற்று. இப்பிள்ளைகள் பேசுவதில் குற்றம் என்ன? எட்டு வயதுக் குழந்தை நாற்பது நிமிடம் வாய்மூடி இருக்க வேண்டும் என்று விதித்தவர் யார்? அடுத்த வகுப்புக்கு இடையூறு நேர்கிறது என்பதுதானே குறை? ஆகவே, 'பேசாதே' என்னும் விதியை நீக்கி, 'தட்டிக்கு அப்பால் கேளாதபடி பேசு' என்று வைத்தேன். பேசுவதற்கு வேலையும் கொடுத்தேன்: இருவர் இருவராக உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்டுக்கொள்வது, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதித் திருத்துவது. இரண்டாம் மாதம் இரைச்சல் முணுமுணுப்பாகக் குறைந்தது. முற்றிலும் அமைதி என்றுமே வரவில்லை. அதனால் எந்தப் பிள்ளையும் தேர்வில் தவறவும் இல்லை.

அவ்விதியோடு இன்னும் இரண்டு சேர்ந்தன. பிறர் உடலையும் பொருளையும் கேளாமல் தொடக்கூடாது. கொட்டியதையும் உடைத்ததையும் கெடுத்தவரே சீர்செய்ய வேண்டும். மூன்றுக்கு மேல் விதிகள் வைத்தால் பிள்ளைகள் மறப்பர்; ஆசிரியனும் மறப்பான். வகுப்புத் தலைவர் பதவி வாரந்தோறும் வரிசைப்படி மாறிற்று. தண்ணீர் மொண்டு வைப்பதும் ஏடுகளைப் பங்கிடுவதுமே அதன் வேலை. கோள் சொல்வது அதில் சேராது. பதநீர்க் காலத்தில் பல பிள்ளைகள் தாய்க்கு உதவிவிட்டுப் பிந்தி வருவர். அவர்களை வெளியே நிறுத்தும் வழக்கத்தை விட்டு, முதல் பாடத்தைக் கணக்கிலிருந்து பாட்டுக்கு மாற்றிக்கொண்டேன். பிந்தி வருவது நிற்கவில்லை, கணக்குத் தப்பிற்று.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுத ஆசைதான். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் மற்றவர்களைக் கடிப்பான். அவனைத் தனியே அழைத்து, பள்ளித் திண்ணையில் உட்கார்த்திப் பேசிப் பேசி ஓர் ஆண்டு கழிந்தது. அவ்வாண்டில் இருமுறை என் கை உயர்ந்தது. ஒருமுறை இறங்கியும் விட்டது. அன்றிரவு உண்ணப் பிடிக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை கூறும் பெற்றோர் இதையும் அறிந்திருப்பது நலம்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சாப்பிட மறுக்கும் குழந்தையை, "இரு, சார்கிட்டச் சொல்றேன்" என்று மிரட்டுகிறீர்கள். பூச்சாண்டியின் இடத்தில் ஆசிரியனை நிறுத்திவிட்டு, அவனிடம் பிள்ளை மனம்விட்டுப் பேசவில்லையே என்று பின்னர் வருந்துகிறீர்கள். பள்ளியில் ஓர் அடி பட்டதாகக் கேள்விப்பட்டால் வீட்டில் இரண்டு கொடுக்கும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. அதனாலேயே பிள்ளைகள் பள்ளியில் நேர்ந்ததை வீட்டில் சொல்வதில்லை. ஸ்வீடன் நாட்டில் 1979ஆம் ஆண்டிலேயே வீட்டிலும் குழந்தையை அடிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் வருமுன் சேர்க்கை நாளில் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தையாவது நிறுத்திக்கொள்ளலாமே!

பிரம்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயின் லங்காஸ்டரின் கூடை மறையவில்லை. வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வெளியிடும் பள்ளிகள் உள்ளன. கரும்பலகையில் எழுதிய பெயரை மாலையில் துடைத்துவிடலாம்; இது நூறு வீடுகளின் கைப்பேசியில் தங்கிவிடுகிறது. தமிழில் பேசிவிட்டதற்காகத் தண்டம் வசூலிக்கும் ஆங்கிலப் பள்ளிகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் பேத்தியை அழைத்துவரப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். மூன்றாம் வகுப்பு. ஆசிரியை ஏதோ அலுவலாக வெளியே போயிருந்தார். சுவரின் மூலையில் கண்காணிப்புக் கருவி. பளபளக்கும் வெள்ளைப் பலகையின் வலப்பக்க ஓரத்தில் ஒன்பது பெயர்கள். ஒரு பெயருக்கு எதிரே நான்கு பெருக்கல் குறிகள். பேனாவைக் கையில் ஏந்திப் பலகையருகே ஒரு சிறுமி காவல் நின்றாள். பட்டியலில் என் பேத்தியின் பெயர் இல்லை. அவளோ வீட்டில் வாய் ஓயாதவள். வெளியே வந்ததும், "நீ வகுப்பில் பேசவே மாட்டாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"நான்தான் அவளுக்கு ஸ்டிக்கர் குடுத்திருக்கேனே, தாத்தா" என்றாள்.